தேதித் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் தேதி கிழிப்பது அம்மாவின் வேலை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் செய்வார். கிழித்த தாளைக் கசக்கி எறிகிற வழக்கம் கிடையாது. அடுப்படி ஜன்னல் கம்பியில் செருகி வைப்பார், மளிகைச் சீட்டு எழுத, பால் கணக்கு குறிக்க, ரேஷன் கடையில் இந்த மாதம் எதெது வாங்கியாயிற்று என்று நினைவு வைத்துக்கொள்ள. 2024 ஆகஸ்டு மாதத்திலிருந்து அந்தத் தாளில் பாதிக்கு மேல் எனக்கு வந்துவிடுகிறது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். பின்பக்கம் நான் இழுத்த கோடுகள்.

படம் வரையப் பழக வேண்டும் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். நானே அதற்கு முன்னால் இரண்டு முறை விட்டிருக்கிறேன். மூன்றாவது முறை எப்படி நிலைத்தது என்று யோசித்தால் பெரிய காரணம் எதுவும் கையில் சிக்கவில்லை, இந்தத் தேதித் தாள்தான் சிக்குகிறது. அதைப் பற்றியும், கோடு, வட்டம், பெட்டி என்று அடிப்படைப் பயிற்சிகள் சொல்கிறார்களே, அவை கைக்கும் கண்ணுக்கும் என்ன செய்கின்றன என்று எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முக்கியமாக, என்னைப் போல 40 வயதை நெருங்கும்போது பென்சிலைக் கையில் எடுத்தவர்களுக்காக.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். வரைவதற்கான ஆசை எங்கிருந்து வந்தது என்றால் அப்பாவிடமிருந்து, அவர் வரைந்தவர் இல்லை என்றாலும். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். நான் அதில் கதை படித்ததை விட ஓவியர் கோபுலு போட்ட படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். திண்ணையில் சாய்ந்திருக்கும் ஆளை நாலைந்து கோட்டில் உட்கார வைத்துவிடுவார், அந்த ஆளுக்கு மதியச் சாப்பாடு பலமாக ஆகிவிட்டது என்பது கூடத் தெரியும். பக்கவாதம் வந்து வலக்கை முடங்கிய பிறகு கோபுலு இடக்கையால் வரையப் பழகினார் என்று பின்னாளில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அத்தனை வருடக் கை போய்விட்டது, இன்னொரு கைக்கு முதல் கோட்டிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

முதல் முறை நான் விட்டது வீடியோவால். இரண்டு மாதம் இராத்திரி தோறும் வரைவது எப்படி என்று பார்த்தேன், வரைந்தது மொத்தம் நாலு பக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போது நாமே வரைந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது, அது வந்த பிறகு பென்சிலைத் தேட மனசு எழும்பாது. இரண்டாவது முறை விட்டது நல்ல நோட்டுப் புத்தகத்தால். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-லிருந்து கையால் காகிதம் செய்கிறார்கள், பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் சல்லடையில் ஏந்தி எடுக்கும் காகிதம். விரலால் தடவினாலே ஒரு சொரசொரப்பு, ஓரங்கள் வெட்டாமல் பிசிறாக நிற்கும். அதில் கட்டிய நோட்டு ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். வாங்கி வந்ததோடு சரி. முதல் பக்கத்தில் என்ன வரைந்தாலும் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது என்று தோன்றியது. கொஞ்சம் கை பழகியதும் அதில் வரையலாம் என்று பீரோவில் வைத்தேன். கை எதில் பழகும்?

மூன்றாவது முறை நானாக ஆரம்பித்ததாகவே சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றபடி போனில் ஒருவருடைய நீண்ட கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இருந்த தேதித் தாளை உருவி, பின்பக்கம் பேனாவால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பார்த்தால் தாள் முழுக்கக் கோடு, ஐம்பதாவது இருக்கும். கடைசி வரிசைக் கோடுகள் முதல் வரிசையை விட நேராக இருந்தன. யாரும் பார்க்காதபோது கை தானாகக் கற்றுக்கொண்ட மாதிரி. மறுநாளும் அம்மா கிழித்த தாளை எடுத்தேன்.

அந்தத் தாளில் என்ன விசேஷம் என்றால், அது ஏற்கெனவே முடிந்துபோனது. கெட்டுப்போக அதில் எதுவும் மிச்சம் இல்லை. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் அதில் மளிகைச் சீட்டு எழுதலாம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும், நிரம்பியதும் இன்றைய வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். நாளைக்கு இன்னொன்று தானாக வரும், வேண்டும் என்றாலும் ஒன்றுக்கு மேல் வராது. எல்லாவற்றையும் விட, திருப்பினால் தேதி இருக்கிறது. நான் எதையும் குறித்து வைக்கத் தேவையில்லாமல், புரட்டாசி 12 அன்று என் வட்டம் எப்படி இருந்தது, தை 12 அன்று எப்படி இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதலில் நேர்க்கோடு. தாளில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கேல் இல்லாமல் ஒரே இழுப்பில் போக வேண்டும், அவ்வளவுதான். சொல்லும்போது சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும், உட்கார்ந்து செய்தால் முதுகு வியர்க்கும். நாமெல்லாம் எழுதிப் பழகியவர்கள். எழுத்துக்கு விரலும் மணிக்கட்டும் போதும், அதனால் கோடு போடும்போதும் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரலால் தள்ளுகிறோம். ஊன்றிய மணிக்கட்டைச் சுற்றிக் கை திரும்பினால் வில் மாதிரி வளைவுதான் வரும், இரண்டு அங்குலத்துக்கு மேல் நேராகப் போகாது. பயந்துகொண்டே மெதுவாகப் போனால் கை ஒவ்வொரு இடத்திலும் தன்னைத் திருத்திக்கொண்டு போகிறது, அந்தத் திருத்தம் எல்லாம் நடுக்கமாகத் தாளில் பதிகிறது. அதனால் பென்சில் தாளில் படாமல் இரண்டு புள்ளிக்கும் நடுவே காற்றிலேயே நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தயங்காமல் ஒரே வீச்சாக இழுத்துவிட வேண்டும். புள்ளியைத் தாண்டினால் தாண்டட்டும், விலகினால் விலகட்டும். விலகிய கோட்டின் மேலேயே மயிர் மயிராகத் திரும்ப இழுத்து நேராக்கப் பார்ப்பதுதான் எங்கும் நடப்பது. அந்தப் பழக்கத்தை விடவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. விட்ட பிறகுதான் எந்தப் பக்கம் என் கை விலகுகிறது என்றே தெரிந்தது, மேலே மேலே இழுத்தால் தப்பு அடியில் மறைந்துவிடுகிறது.

தோளிலிருந்து இழுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். எனக்குப் பிடிபடவே இல்லை, தோளை எப்படி அசைப்பது என்று யோசித்தால் கழுத்து இறுகியது. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசற்படியில் நின்றேன், அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி, அன்றைக்குத்தான் கோலத்தை விட்டுக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு அசையவே இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்குகிறது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை மட்டும் விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. கோடு போவது தோளால். இடுப்பை மடித்துக் குனிந்து நிற்பதால் கை முழுவதும் தொங்குகிறது, ஊன்றுவதற்கு இடமே கிடையாது, ஊன்றினால் மாவு கலைந்துவிடும். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைக்கும்போது உடம்பே லேசாக அந்தப் பக்கம் சாய்கிறது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, கோடு கொஞ்சமும் ஆடவில்லை.

“எப்படிம்மா கோணாம வருது?” என்று கேட்டேன்.

“கையப் பாத்தா கோணிடும்டா. போய்ச் சேர்ற புள்ளியப் பாரு.”

அன்றைக்குச் சாயங்காலம் துவைக்கிற கல்லின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, நின்றபடி, கையை எங்கும் ஊன்றாமல், சாக்பீஸால் முழ நீளக் கோடுகளாக இழுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் அப்படியே செய்தேன். பிறகு தேதித் தாளுக்குத் திரும்பியபோது சின்னக் கோடு கூட வேறு மாதிரி வந்தது. பெரிதாகப் பழகியது சிறிதில் உதவும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது, தலைகீழாக நடப்பதில்லை.

அடுத்தது வட்டம், உண்மையில் நீள்வட்டம். டம்ளரின் வாய், கிணற்றின் விளிம்பு, வண்டிச் சக்கரம், எதுவுமே நேராக எதிரில் நின்று பார்த்தால் தவிர நமக்கு முழு வட்டமாகத் தெரிவதில்லை. மேசையில் காபி டம்ளரை வைத்துப் பாருங்கள். வாய் ஒரு நீள்வட்டம், அடி அதை விட விரிந்த நீள்வட்டம், ஏனென்றால் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்துகொண்டே போகும். டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் வாய் ஒற்றைக் கோடாகிவிடும். இவ்வளவும் கண்ணெதிரே நடக்கிறது, ஆனால் நான் வரைந்த முதல் 20 டம்ளருக்கும் அடியில் ஒரு தட்டையான நேர்க்கோடுதான் போட்டிருக்கிறேன். டம்ளர் மேசையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், கண் சொல்வதைக் கேட்காமல் மனசு முந்திக்கொண்டு போட்டுவிடுகிறது. இரண்டு ஓரங்களையும் மீன் வாய் போலக் கூராக முடித்துவிடுவது இன்னொரு வழக்கமான தப்பு. அங்கேயும் வளைவுதான், ரொம்ப இறுக்கமான வளைவு.

இந்தக் கண் மட்டம் என்கிற விஷயம் எனக்கு நன்றாக விளங்கியது புதுச்சேரி கடற்கரைச் சாலையில். சாயங்காலம் 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு. வேலை முடிந்து பஸ் பிடிப்பதற்கு முன்னால் சில நாள் அங்கே போய் உட்காருவேன். கடலும் வானமும் சேருகிற கோடு எப்போதும் உங்கள் கண்ணுக்கு நேராகவே இருக்கும். பாறையில் உட்கார்ந்தால் அதுவும் இறங்கி உட்காரும், எழுந்தால் கூடவே எழும். எழுந்து நின்று, கடல் பின்னணியில் நடந்து போகிறவர்களைப் பார்த்தேன். என் உயரத்து ஆள் பத்தடியில் இருந்தாலும் இருநூறு அடியில் இருந்தாலும் கடல் கோடு அவருடைய கண்ணை ஒட்டித்தான் போகிறது. குழந்தைகளுக்குத் தலைக்கு மேலே போகிறது. தூரத்து ஆள் சிறியதாகத் தெரிந்தாலும் தலை அதே கோட்டில்தான், கால்தான் மேலே ஏறி வருகிறது. இது தெரியாமல்தான் நான் கூட்டம் வரைந்தபோதெல்லாம் பின்னால் நிற்பவர்கள் படிக்கட்டில் நிற்கிற மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் அங்கேயே நின்று ஒவ்வொரு ஆளாகச் சரிபார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அங்கிருந்து திரும்பி, கடலுக்கு நேராகப் போகும் தெரு ஒன்றில் ஓரமாக நின்று பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்கள். கண்ணுக்கு மேலே இருக்கிற கூரை விளிம்பு, ஜன்னல் மேல்விளிம்பு எல்லாம் தூரம் போகப் போக இறங்கி வரும். கண்ணுக்குக் கீழே இருக்கிற நடைமேடை ஏறி வரும். எல்லாம் போய்ச் சேருவது அந்தக் கடல் கோட்டில் ஒரு புள்ளியில். பெட்டி பெட்டியாக வரையச் சொல்வது இதற்காகத்தான். வீடு ஒரு பெட்டி, பஸ் ஒரு பெட்டி, கட்டில் ஒரு பெட்டி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘டிரா எ பாக்ஸ்’ (Drawabox) என்கிற வரைதல் பாடத்தில் 250 பெட்டி வரையச் சொல்கிறார்கள். ஒரு தாளுக்கு இரண்டு மூன்று என்று போட்டு நான் முடிக்க ஐந்து மாதமானது. நூறாவது பெட்டி வரைக்கும் பின்பக்கத்து மூலை எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது, அதற்கப்புறம் மெல்ல வழிக்கு வந்தது. அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விதி உண்டு. வரைகிற நேரத்தில் பாதியை, பயிற்சி என்று இல்லாமல், வரைய வேண்டும் என்பதற்காகவே வரைய வேண்டும். நன்றாக வர வேண்டிய கட்டாயம் அந்தப் பாதியில் கிடையாது. முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் கோடும் பெட்டியுமாக இரண்டு மாதம் போனதும்தான், எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்பதே மறந்துவிட்ட மாதிரி ஆகி, அந்த விதியின் அருமை தெரிந்தது.

என்னுடைய அந்தப் பாதி பஸ்ஸில் கிடைத்தது. ஓடுகிற பஸ்ஸில் நேர்க்கோடு போட முடியாது, ஆனால் தூங்குகிற மனிதர்களை வரையலாம். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது விழித்திருப்பவர்கள், ரெட்டிச்சாவடி வருவதற்குள் சாய்ந்துவிடுவார்கள். தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், மடியில் டிபன் பை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, ஓவியம் படிக்கிற பிள்ளைகள் பெரிய அட்டையும் கிளிப்புமாக ஏறி இறங்குவார்கள். ஒரு சாயங்காலம் அப்படி ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைவதை எட்டிப் பார்த்தார். நான் ஒரு பெரியவரின் மூக்கோடு போராடிக்கொண்டிருந்தேன்.

“முகத்த அப்புறம் பாத்துக்கலாம்ண்ணா. அவரு எப்படிச் சாய்ஞ்சிருக்காரு, அந்த ஒரு கோட்ட மொதல்ல போடுங்க. வண்டி குலுங்கினா ஆள் மாறிடுவாரு, அந்தக் கோடு மட்டும் கைல நிக்கணும்.”

அவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் மார்க்கெட்டிலும் போய் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இத்தனை ஸ்கெட்ச் என்று போடுவார்களாம். ஒரு ஆளுக்கு அரை நிமிடம். அந்தத் தம்பி இறங்குவதற்குள் என் தாளின் மூலையில் எதிர் சீட்டு அம்மாவைப் போட்டுக் காட்டினார், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு வளைவு, தோளுக்கு ஒரு குறுக்குக் கோடு, தலைக்கு ஒரு முட்டை. அதிலேயே அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது விட்டுவிடத் தோன்றிய கதை. அக்டோபர் கடைசியில் வந்தது அது. இரண்டரை மாதத் தாள்களையும் தரையில் பரப்பிப் பார்த்தேன், ஒன்று கூட நன்றாக இல்லை. செப்டம்பரில் எனக்குப் பெருமையாக இருந்த டம்ளர் கூடக் கோணலாகத் தெரிந்தது. அன்றைக்கே போனில், 20 வயது கூட இருக்காத ஒரு பெண் அரை நிமிடத்தில் பாட்டி ஒருவரின் முகத்தைச் சுருக்கம் சுருக்கமாக வரைந்து முடிப்பதைப் பார்த்துவிட்டேன். அது பல மணி நேர வேலையை ஓட்டிக் காட்டுவது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. மறுநாள் பென்சிலை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நவம்பர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனது. அம்மா எதுவும் கேட்கவில்லை, தாளை மட்டும் கிழித்து வழக்கம் போல ஜன்னலில் செருகிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, எங்கள் பக்கமும் ஜன்னலைத் திறக்க முடியாத காற்று. 2011-இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த ஊர் என்பதால் எல்லோரும் முன்கூட்டியே தண்ணீர் பிடித்து, மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தோம். கரண்ட் போயிற்று, போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது, தூக்கமும் இல்லை. அடுப்படி மேடையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு பெரிய வெங்காயம். இப்படி ஒரே ஒரு இடத்திலிருந்து வெளிச்சம் விழுந்து நான் அதுவரைக்கும் எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. டியூப் லைட்டும் ஜன்னலும் சேர்ந்து எல்லாப் பக்கமும் வெளிச்சம் போட்டு நிழலைக் குழப்பிவிடும். மெழுகுவத்தியில் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. வெளிச்சம் நேராகப் படுகிற இடம், அது மெல்ல மங்கி இருளுக்குத் திரும்புகிற இடம், இருண்ட பக்கத்தின் கடைசி ஓரத்தில் மேடையில் பட்டுத் திரும்பி வருகிற லேசான ஒளி, மேடையில் நீளமாக விழுந்த நிழல். புத்தகத்தில் ஒரு பந்தை வரைந்து அம்பு போட்டுக் காட்டுவார்களே, அது அத்தனையும் அந்த வெங்காயத்தில் இருந்தது. ஜன்னல் கம்பியில் மிச்சமிருந்த தாள்கள் 11. பதினொன்றிலும் அந்த வெங்காயத்தை வரைந்தேன். அம்மா இரண்டு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

விடிந்ததும் அந்தப் பதினொன்றையும் பழைய தாள்களோடு வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. செப்டம்பர் டம்ளர் கோணல்தான், ஆனால் செப்டம்பரில் அந்தக் கோணலைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. இரண்டு மாதம் டம்ளரைப் பார்த்துப் பார்த்துக் கண் முன்னால் போய்விட்டது, கை பின்னால் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தைத்தான் நான் எனக்கு வரையவே வராது என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் அந்த மாதிரி மூன்று முறை வந்திருக்கிறது. வந்தால் இப்போது பழைய தாளைத் திருப்பித் தேதியைப் பார்ப்பேன், எது கோணலாகத் தெரிகிறதோ அதையே ஒரு வாரம் வரைவேன்.

வின்சென்ட் வான்கோ ஓவியராகலாம் என்று தீர்மானித்தது 1880-இல், 27 வயதில். அந்தக் காலத்துக்கு அது தாமதம்தான். சார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களைத் தருவித்து, கரிக்கோலில் வரைய வேண்டிய 60 தாள்களையும் ஒன்று விடாமல் பார்த்து வரைந்தார், மறுபடியும் முதலிலிருந்து வரைந்தார். எனக்கு நெஞ்சைத் தொட்டது இன்னொன்று. 1890-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கூட, அந்தப் பயிற்சிகளை மறுபடி வரைய வேண்டும் என்று தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார். அதற்குள் அவர் வரைந்து முடித்த ஓவியங்கள் எத்தனை!

பென்சில் பற்றி ஒரு வார்த்தை, நான் தெரியாமல் கஷ்டப்பட்டதால். அந்த வெங்காயத்தின் இருளை எழுதுகிற எச்பி பென்சிலால் கொண்டுவரப் பார்த்து மூன்று தாள் கிழிந்தது. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட் பொடியும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. பிரான்ஸ் போரில் இருந்தபோது இங்கிலாந்துக் கிராஃபைட் வராமல் போக, 1795-இல் நிக்கோலா ழாக் கோந்தே என்பவர் கண்டுபிடித்த வழி அது. களிமண் கூடினால் கடினமாகி வெளிறிய கோடு, குறைந்தால் மிருதுவாகிக் கருத்த கோடு. எச்பி நடுவில் நிற்பது, அதை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் கருக்காது. அதை விட மிருதுவான ஒரு 2பி, இன்னும் மிருதுவான ஒரு 4பி, இரண்டும் சேர்ந்து ஒரு காபி விலைதான் இருக்கும். வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கோட்டுப் பயிற்சிக்கு ரப்பரும் வேண்டாம், பால்பாயிண்ட் பேனாவில் செய்வது இன்னும் நல்லது, அழிக்கலாம் என்கிற நினைப்பே வராது.

அப்புறம் அந்த நோட்டு. பீரோவிலேயே கிடந்தது. போன மாதம் வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அதை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். தேதித் தாள் எல்லாம் நான் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் எழுத வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் வந்து திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் நீல பேனாவில் பால் கணக்கு. 3-ஆம் தேதி இரண்டு பாக்கெட், 4-ஆம் தேதி ஒன்று, 5-ஆம் தேதி சித்தி வந்ததால் மூன்று. அடிக்கோடு போட்டுக் கூட்டியும் இருந்தார். ஒரு நிமிடம் பக்கென்றது. அடுத்த நிமிடம், எத்தனையோ மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, கணக்குக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் பால் பாத்திரத்தை வரைந்தேன்.

இப்போது அதில் 14 பக்கம் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தில் அம்மா இன்னமும் கணக்கு எழுதுகிறார், இடம் தீர்ந்தால் இரண்டாவது பக்கத்துக்கும் வருவார். தேதித் தாள் பஸ்ஸுக்கு, நோட்டு வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காகிதம் வேறு மாதிரி, தேதித் தாளில் வழுக்கிக்கொண்டு போன கோடு இதன் சொரசொரப்பில் பட்டுப் பொரி பொரியாக உடைகிறது, 4பி சீக்கிரம் தேய்கிறது, கொஞ்சம் அழுத்தினால் பள்ளமாகிறது. அதனால் 15-ஆவது பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து மறுபடி நேர்க்கோட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.